செவிக்கு எது சிறுநூல்?

ஒரு நாள் பயணமாக நண்பர்களோடு ஊர்ப்புறம் செல்லும்போது, கட்டுச்சோற்றோடும் ஜமக்காளத்தோடும் ஒரு புத்தகத்தையும் பையில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். மரநிழலில் அமர்ந்து ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். பல்லாவரத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த ஏழெட்டுப் பேர் நாங்கள். எங்களில் பாதிப் பேர் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். சைவர் ஒருவரும் இசுலாமியர் ஒருவரும் உண்டு. எந்தப் புத்தகத்தை எடுத்துச் செல்வது என்ற கேள்வி தொடக்கத்தில் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சிறியதாகவும் நல்லதாகவும் இருந்தால் போதும் என்று எண்ணினோம். அந்த இரண்டு சொற்களுமே எங்களை ஏமாற்றின.

எங்களில் மூத்தவர் ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பாளர். கணினி வருவதற்கு முன், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிகளாக்கி, தலைகீழாகவே பக்கம் பக்கமாகப் படித்தவர். கண்ணின் நீரழுத்த நோயால் அவருடைய பார்வை சில ஆண்டுகளில் மங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டுமே அவருக்குத் தெரிகின்றன. வாழ்நாள் முழுவதும் எழுத்தோடு வாழ்ந்தவருக்கு, எங்கள் வாசிப்புதான் எஞ்சியிருந்த புத்தகம். அந்த மனிதர் தொடர்ந்து மூன்று பயணங்களுக்கு வரவில்லை. வயிற்றுக் கோளாறு என்று சொல்லி அனுப்பினார். நாங்களும் நம்பினோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வெளியே வரும்போது அவர் மனைவி எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார்: “அவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. நீங்க படிக்கிறது அவருக்குப் பிடிபடலை. சொன்னா மத்தவங்க சந்தோஷம் கெட்டுடும்னு சொல்லாம இருக்காரு.”

நல்ல நூல்களைத் தேர்ந்தெடுத்து, எவருக்காக வாசிக்கிறோமோ அவரை இழந்துகொண்டிருந்தோம் என்று அன்றுதான் அறிந்தோம். அதன் பிறகு நாங்கள் வாசித்த நூல்களைப் பற்றியும், அவற்றுள் எவை வெளியில் நின்றன, எவை விழுந்தன என்பதைப் பற்றியும் எங்களுக்குள் எழுந்த சில முடிவுகளை இங்கே எழுதுகிறோம். இவை அந்நூல்களின் இலக்கியத் தகுதியைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல, செவியின் தீர்ப்புகள்.

முதலில் எங்கள் தோல்விகளைச் சொல்லிவிடுகிறோம். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973-இல் நூலாக வந்த சிறு நாவல். சென்னை நகரத் தெரு ஒன்றின் தண்ணீர்ப் பஞ்சத்தையும், அதனூடே ஜமுனா என்ற பெண்ணின் அலைக்கழிப்பையும் சொல்வது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த அனுபவம் பல்லாவரத்தில் யாருக்கு இல்லை? எனவே இதைவிடப் பொருத்தமான நூல் கிடையாது என்று எண்ணி, திரிசூலம் மலைச்சாரலில் வாசிக்கத் தொடங்கினோம். இருபது பக்கத்துக்குள் கூட்டம் கலைந்தது. தவறு நாவலிலா? இல்லை. அசோகமித்திரனின் வாக்கியம் குரலைத் தாழ்த்திக்கொண்டே செல்வது. துயரத்தின் உச்சத்தில் அவர் ஒரு வாளியைப் பற்றியோ ஒரு குழாயைப் பற்றியோ சொல்லி நிறுத்திவிடுவார். தனியே படிப்பவன் அந்த இடத்தில் புத்தகத்தை மடித்து வைத்துச் சற்று நேரம் சும்மா இருப்பான். காற்று வீசும் மலைச்சரிவில், நிமிடத்துக்கொரு முறை மீனம்பாக்கத்திலிருந்து எழும் விமானத்துக்காக வாசிப்பவர் வாயை மூடிக் காத்திருக்க வேண்டிய இடத்தில், அந்த மௌனத்துக்கும் விமானத்துக்கான மௌனத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. உரக்க வாசித்தால் அவருடைய நகைப்பு இறந்துவிடுகிறது. மெல்ல வாசித்தால் கேட்கவில்லை. ‘தண்ணீர்’ சாத்திய அறைக்குள், ஓர் ஆளுக்கு ஒரு புத்தகமாக வாசிக்கப்பட வேண்டியது. அதன் பெருமையே அதுதான்.

இரண்டாவது தோல்வியில் எங்கள் ஊர்ப்பற்றுக்கும் பங்கு உண்டு. மறைமலையடிகள் 1911-இல் பல்லாவரத்துக்குக் குடிவந்து, 1950-இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தவர். அவர் எழுதிய முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை 1903-இல் வெளிவந்தது. பல்லாவரத்துக்கு வருவதற்கு முன்பே எழுதியதாயினும், எங்கள் ஊர்க்காரரின் நூல் என்றே அதைக் கொண்டாடுகிறோம். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, பத்துப்பாட்டிலேயே மிகச் சிறியது: 103 அடிகள். இதைவிடச் சிறுநூல் எங்கே கிடைக்கும்? கார்காலத்து மாலை ஒன்றில், மழை முகில் கவிந்திருந்தபோது வாசித்தோம். வாசிக்கப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. பொருள் சொல்ல மூன்று மணி நேரம் ஆயிற்று. பாசறையில் போரை நினைத்துத் துயிலாத அரசன், மாளிகையில் மழை கேட்டுக் காத்திருக்கும் தலைவி என்று பாட்டு விரியும் அழகு, ஒவ்வோர் அடிக்கும் உரை கேட்ட பிறகே எங்களுக்குத் திறந்தது. சைவ நண்பர் மட்டும் மகிழ்ந்தார். அவரே தமிழாசிரியர் என்பதால் மூன்று மணி நேரமும் பேசியவர் அவர்தான்! அச்சுக்கோப்பாளர் உறங்கிவிட்டார்.

பக்க எண்ணிக்கை நூலின் நீளத்தைக் காட்டாது என்று எங்களுக்குக் கற்பித்தது இந்த 103 அடிகள்தான். வாசிப்பவர் நிறுத்தி விளக்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கையே செவிக்கான நீளம். நூறு பக்க உரைநடை, விளக்கமே வேண்டாததாயின், அது சிறுநூல். இந்தக் கணக்கில் சங்கப் பாட்டு பெருநூல் ஆகிவிடுகிறது.

நம் மரபில் இது புதிய சிந்தனையும் அன்று. புனித ஆசீர்வாதப்பர் 6-ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 38-ஆம் அதிகாரம், உணவு மேசையில் வாசிப்பவரைப் பற்றியது. உண்ணும்போது வாசிப்பு இல்லாமல் இருக்கலாகாது. ஆனால் கைக்கு அகப்பட்டதை எடுத்து எவரும் வாசிக்கத் தொடங்கலாகாது. வரிசைப்படி எல்லாரும் வாசிப்பதும் வேண்டாம், கேட்பவருக்குப் பயன்படும்படி வாசிக்க வல்லவரே வாசிக்கட்டும் என்பது அதன் கருத்து. வாசிப்பவர் பசியோடு வாசிக்க நேராதபடி அவருக்கு முன்கூட்டியே சிறிது பானம் தரவேண்டும் என்பதைக்கூட அவர் மறக்கவில்லை. நாங்கள் மறந்தோம். எங்கள் குழுவில் வரிசைப்படி வாசிப்பதே நீதி என்று கருதி, திக்கித் திணறுபவருக்கும் பங்கு கொடுத்தோம். நட்புக்கு அது நல்லது, புத்தகத்துக்குக் கொடுமை.

தமிழ்நாட்டில் இந்தக் கலையைக் கைவரப்பெற்றவர் என்று ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரையே சொல்ல வேண்டும். நெல்லை வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்து முற்றத்தில் கூடிய நண்பர் குழுவுக்கு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர். பின்னாளில் குற்றாலத்தில் அவர் தங்கியிருந்தபோது, இராஜாஜியும் கல்கியும் போன்ற நண்பர்கள் அங்கே கூடினார்கள். அருவி, சாரல், நல்ல சாப்பாடு, இவற்றுக்கு நடுவே கம்பன் பாட்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட கம்பராமாயணத்தை அவர் எப்படிச் சிறுநூல் ஆக்கினார்? ஓர் அமர்வுக்குச் சில பாடல்களே. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் நாவில் அது ஏறும் வரை விடமாட்டார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தமக்குப் பிடிக்காத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்றே தள்ளிவிடும் அவர் துணிவைப் புலவர்கள் மன்னிக்கவில்லை. நாமும் அதை ஆராய்ச்சி என்று ஏற்கத் தேவையில்லை. ஆனால் நண்பர்களுக்கு வாசிப்பவன் பதிப்பாசிரியன் அல்லன். அவனுக்கு வெட்டும் உரிமை உண்டு.

இந்த உரிமையைப் பயன்படுத்தித்தான் தேம்பாவணியை நாங்கள் மீட்டோம். வீரமாமுனிவரின் இந்தக் காப்பியத்தில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். நம் இல்லங்களில் கண்ணாடி அலமாரியில் வைத்துப் போற்றப்படும் நூல் இது, திறக்கப்படுவது அரிது. நாட்டு வளம், நகர வளம் என்று முதலிலிருந்து தொடங்கியவர்கள் பலர் அங்கேயே நின்றிருப்பார்கள். நாங்கள் நடுவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்தோம்: திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்று பெயரிட்டு முனிவர் பாடும் இடத்தில், கானகத்தில் தாய் எலிசபெத் இறந்துபோக, தனித்து நிற்கும் மகன் புலம்பும் பாடல்கள். இன்று பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் இப்பகுதி இடம்பெற்றிருப்பதால், பிள்ளைகள் வழியாகச் சொற்பொருள் எங்களுக்கு முன்பே கிட்டியிருந்தது. மகனோடு சேர்ந்து மரமும் மலரும் பறவையும் அழுவதாகக் கவி சொல்லும்போது, கேட்பவர் தலைக்கு மேலேயும் மரம் இருக்க வேண்டும். வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் அமர்ந்து வாசித்தோம். ஓசையை முதலில் முழுவதும் கேட்கவிட்டு, பிறகு ஒருமுறை பொருள் சொல்லி, மறுபடி ஓசை. பறவைகளின் இரைச்சல் அன்று இடையூறாகத் தோன்றவில்லை. எங்களோடு வந்த இசுலாமிய நண்பர், தாயை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகாதவர், எழுந்து கரையோரம் நடந்து போய்விட்டார். வாசிப்பதை நிறுத்தலாமா என்று கேட்டோம். திரும்பி வந்து, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-இல் வந்தது. கத்தோலிக்க மீனவர் வாழ்வை நம் எழுத்தாளர் அல்லாத ஒருவர் இத்தனை பரிவோடு எழுதியிருக்கிறாரே என்று நாம் வியக்க வேண்டிய நாவல். வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் மூளும் பகை, வல்லத்தை விற்க மனமில்லாத தகப்பன், தன் துயரத்தைத் தானே சுமந்து நிமிரும் பிலோமி. கோவளத்துக் கடற்கரையில் இதை வாசித்தபோது முதல் அரைமணி நேரம் பாழாயிற்று. வாசித்தவர் செங்கல்பட்டுப் பக்கத்தவர். தென்கடலோரப் பேச்சு அவர் வாயில் செய்தித்தாள்போல் ஒலித்தது. அப்போது தூத்துக்குடியிலிருந்து இங்கே வாழவந்த சகோதரி ஒருவர், “இங்க தாங்க அண்ணாச்சி” என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். அதன் பின் எழுந்தது வேறொரு நாவல். ஆகையால் நூலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயனில்லை. அந்த நூலின் ஊர்க்காரர் எவரேனும் பயணத்தில் வருகிறாரா என்றும் பார்க்க வேண்டும். நாவல் ஒரு பகலில் முடியவில்லை. மீதியை அந்தச் சகோதரி வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மாலைகளில் முடித்தோம்.

ஜெயகாந்தனைப் பற்றி எங்களுக்குள் ஐயமே எழவில்லை. அவர் எழுத்து உரக்கப் பேசும் எழுத்து. மேடைக்குரல் அதில் எப்போதும் உண்டு. தனியே படிக்கும்போது சில வேளை நம்மைத் தொந்தரவு செய்யும் அதே குரல், மரத்தடியில் அருமருந்தாகிறது. 1962-இல் அவர் எழுதிய ‘யாருக்காக அழுதான்?’ குறுநாவலில் விடுதி ஒன்றின் வேலையாள் ஜோசப் மீது பணத் திருட்டுப் பழி விழுகிறது. ‘திருட்டுமுழி’ என்று பட்டப்பெயர் சூட்டப்பட்ட அந்த எளியவன் தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லற்று நிற்கிறான். ஜெயகாந்தனே 1966-இல் இதைத் திரைப்படமாக்கி, நாகேஷை ஜோசப்பாக நடிக்க வைத்தார். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் கதை. விளக்கம் வேண்டும் சொல் ஒன்றுகூட இல்லை. கேட்பவர் ஒவ்வொருவரும் யாரேனும் ஒருவர் மீது சுமத்திய பழியை நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு குறை சொல்ல வேண்டுமானால், ஆசிரியர் ஜோசப்பின் தூய்மையைச் சற்று அதிகமாகவே நமக்கு நினைவூட்டுகிறார். கிறிஸ்துவின் சாயலை நாமே கண்டுகொண்டிருப்போம். அச்சுக்கோப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “கண்ணால படிக்கிறவனுக்கு ஒரு தரம் சொன்னா போதும் தம்பி. காதால கேக்கிறவன் பக்கத்தைத் திருப்பிப் பாக்க முடியாதில்ல? ரெண்டு தரம் சொல்லத்தான் வேணும்,” என்றார். எங்கள் திறனாய்வை அவர் திருத்திய இடங்களுள் இது ஒன்று.

அவரை மீண்டும் எங்களோடு அழைத்து வந்த புத்தகம் இவற்றுள் எதுவும் அன்று. அது வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. தேம்பாவணி பாடிய அதே கை, அதே 18-ஆம் நூற்றாண்டில், எளிய உரைநடையில் எழுதிய எட்டுக் கதைகள். 1822-இல் பாபிங்டன் என்பார் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் இதை அச்சேற்றினார். நாங்கள் வைத்திருக்கும் படி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்புக்கும் பூச்செடிக்கும் நடுவே கிடைத்தது, அட்டை இல்லை.

வெளியில் வாசிப்பதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது இந்நூல். கதை முழுவதும் வழிப்பயணம். ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள் சீடர்கள். கரையேறிய பின் எண்ணிப் பார்க்கும் ஒவ்வொருவனும் தன்னை எண்ண மறந்து, ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறான். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலைகொடுத்து வாங்குகிறார்கள். வாடகைக்கு அமர்த்திய மாட்டின் நிழலில் குரு இளைப்பாற, நிழலுக்கும் கூலி கேட்கிறான் மாட்டுக்காரன். நிழல் தேடி அரைமணி நேரம் அலைந்து, கடைசியில் ஒரு பாறையோரத்தில் ஒண்டியிருந்த எங்களுக்கு அந்த வழக்கு எப்படி இனித்திருக்கும் என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு கதையும் தனித்தனியே முடிவதால் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். விமானம் வந்தால் வரட்டும்.

இந்நூலை வாசிக்க எங்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. பிற சமயத்துக் குருமாரை எள்ளி நகையாட ஒரு மறைப்பணியாளர் எழுதியது என்று சிலர் கருதுகிறார்கள். சைவ நண்பரை அருகில் வைத்துக்கொண்டு, மடத்தையும் சீடரையும் பற்றிய கேலியை நாம் வாசிக்கலாமா? முதல் கதை முடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தோம். “இவங்க எங்க மடத்துக்காரங்க இல்லீங்க. போன வருஷம் உங்க திருவிழாக் கணக்கைப் பார்த்தாங்களே, அந்தக் கமிட்டி!” என்றார். அன்று சிரித்த சிரிப்பில் எங்கள் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. அந்தக் கேள்விக்கு நூலைப் புரட்டி விடை தேடியவர்களைவிட, நண்பர் நடுவே உரக்க வாசித்தவர்களுக்கு விடை விரைவில் கிடைக்கும் என்று நினைக்கிறோம். மடமைக்குச் சமயம் இல்லை என்பதை ஆசிரியர் அறிந்தே எழுதியிருக்கிறார்.

சிரிப்பு நூல் என்று மட்டும் இதை மதிப்பதும் போதாது. குதிரையிலிருந்து குரு விழும் கதையில், கீழே விழுந்தால் எடுக்க வேண்டிய பொருள்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலில் குருவின் பெயர் இல்லாததால் சீடர்கள் அவரைத் தூக்க மறுக்கிறார்கள். எழுதிக் கொடுத்த பிறகே தூக்குகிறார்கள். இறுதிக் கதையில் குரு இறந்துபோகிறார். எழுத்தை அப்படியே பிடித்துக்கொண்டு ஆளைக் கைவிட்டவர்களின் கதை இது. அதை வாசித்து முடித்தபோது எவரும் சிரிக்கவில்லை. எங்களுக்கோ, மூன்று பயணங்களுக்கு எங்கள் நல்ல நூல்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் விட்டுச் சென்ற ஒருவரின் நினைவு வந்தது. அவர் பக்கத்திலேயே அமர்ந்து, வாசித்தவர் விட்ட ஒரு வரியைத் தம் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இளமையில் அந்த நூலின் பள்ளிப் பதிப்பு ஒன்றைத் தம் கையால் அச்சுக் கோத்தவராம். அன்று வரை எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

இந்த ஆண்டு மழை ஓய்ந்ததும் பரங்கிமலைக்குச் செல்வதாகத் திட்டம். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். அவரை எப்படி ஏற்றுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். படிகளைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. வண்டிப்பாதையும் இருக்கிறது என்றார். அவருடைய கேள்வி வேறு: டால்ஸ்டாய் 1886-இல் எழுதிய, மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்னும் கதை தமிழில் எவருடைய மொழிபெயர்ப்பில் நன்றாக ஒலிக்கிறது? மலைமேலிருந்து பார்த்தால் தாம்பரம் வரை மனைகளாகவே தெரியும் என்றும், அதைப் பார்த்துக்கொண்டே நாங்களும், பார்க்காமல் தாமும் அதைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். எங்களிடம் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. அடுத்த ஞாயிறு மாலை இரண்டிலும் முதல் இரு பக்கங்களை அவர் வீட்டுத் திண்ணையில் வாசித்துக் காட்டப்போகிறோம். எது வேண்டுமென்று அவர் சொல்வார்.